இரத்தத்தில் அழற்சியின் அடையாளம்

இரத்தம் வடிப்பதே தலையாய சிகிச்சையாக விளங்கிய காலத்தில், ஐரோப்பிய வைத்தியர்கள் நோயாளியின் இரத்தக் குழாயைக் கீறி வடித்த இரத்தத்தை உடனே கொட்டிவிடாமல், ஒரு கிண்ணத்தில் ஏந்தி வைத்து, அது உறையும் விதத்தை உற்று நோக்கி வந்தார்கள். தேகசுகமுள்ளவனின் இரத்தம் மேலிருந்து அடிவரை பெரும்பாலும் சிவப்பாகவே உறையும். கடும் ஜுரத்திலோ நுரையீரல் நோயிலோ கிடப்பவனின் இரத்தமோ, உறைவதற்கு முன்பே அதன் சிவந்த பகுதி விரைந்து கீழே இறங்கிவிடுவதால், மேற்பரப்பில் வெளிறிய மஞ்சள் நிறப் படலம் ஒன்றைத் தாங்கி நிற்கும். அந்தப் படலத்தைக் கண்டு உடலுக்குள் அழற்சி இருக்கிறது என்று அவர்கள் அநுமானித்தது முற்றிலும் சரி. அழற்சி இருப்பதனால் இன்னும் இரத்தம் வடிக்க வேண்டும் என்று தீர்மானித்ததுதான் விபரீதமாய் முடிந்தது. அடையாளத்தைச் சரியாகக் கண்டும், அதைக்கொண்டு செய்யவேண்டிய காரியத்தில் தவறிய இந்த அநுபவம், இரத்தப் பரிசோதனையின் சரித்திரத்தில் மறுபடியும் தலைகாட்டத் தவறவில்லை.

கிண்ணத்தில் கண்ட அந்தக் காட்சியை அளவுகோலுக்கு உட்படுத்தியவர் போலந்து நாட்டு வைத்தியர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி. செவ்வணுக்கள் படியும் வேகம் நோய்க்கு நோய் வேறுபடுகிறது என்பதையும், ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் மிகுந்த இரத்தத்தில் அவை விரைந்து படிகின்றன என்பதையும் அவர் 1897-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்; ஆயினும் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், ஸ்வீடனில் ராபின் ஃபோரேயஸ் என்பவர், கர்ப்பத்தை இரத்தத்தைக் கொண்டு கண்டறிய வழியுண்டா என்று ஆராயப் புகுந்து, கர்ப்பிணிகளின் செவ்வணுக்கள் மற்றவர்களுடையவற்றைக் காட்டிலும் வேகமாகப் படிவதை 1918-இல் அறிவித்தார். புரதங்களின் சேர்க்கையால் செவ்வணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கனத்து இறங்குகின்றன என்பது விளக்கம். அவருடைய நாட்டவரான ஆல்ஃப் வெஸ்டர்கிரென், க்ஷயரோகிகளின் நிலையை அறிவதற்காக, சோடியம் சிட்ரேட் கலந்த இரத்தத்தை 200 மில்லிமீட்டர் உயரக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்கும் முறையை 1921-இல் வகுத்தார். நம் ஊர்ப் பரிசோதனைச் சாலைகளில் 'இ.எஸ்.ஆர்.' என்று வழங்கும் சோதனை இதுவே. பியர்நாட்ஸ்கியின் பெயர் இதில் மறைந்துபோனது நியாயமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

எளிமையான இச்சோதனைக்குச் சில குறைகளும் உண்டு. இரத்தசோகையும் வயதும் அதன் எண்ணை மாற்றிவிடும். நோய் தணிந்த பின்னும் அது மெதுவாகவே இறங்கும். இதனினும் கூர்மையான அடையாளம், நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனையில், நிமோனியா நோயாளிகளின் படுக்கையருகே பிறந்தது. ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்து 'சி' என்று குறியிட்டிருந்த ஒரு சர்க்கரைப் பொருளை நோயாளிகளின் இரத்த நீரோடு கலந்தபோது, நோய் உக்கிரமாயிருந்த நாட்களில் கலங்கல் தோன்றுவதையும், ஜுரம் விட்டவுடன் அக்கலங்கல் அடியோடு மறைந்துவிடுவதையும் கண்டு 1930-இல் எழுதினார்கள். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் நோய் தணியும் தறுவாயில் தோன்றி நிலைத்திருக்க, இதுவோ நோயோடு வந்து நோயோடு போயிற்று. மற்ற நோய்களிலும் இது காணப்பட்டபோது, குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு உரியதன்று, உடலின் பொதுவான தற்காப்பு ஆரவாரத்துக்கே உரியது என்ற உண்மை புலனாயிற்று. 1941-இல் ஏவரியும் அவருடைய சகாக்களும் இது புரதமென்று நிரூபித்தார்கள். 1947-இல் மாக்லின் மக்கார்ட்டி இதைப் படிகமாக்கினார். அதுவே சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாகச் 'சி.ஆர்.பி.'

இப்புரதத்தை உண்டாக்குவது கல்லீரல். அதற்குக் கட்டளை தருவனவற்றுள் முதன்மையானது இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள். இதன் மரபணுவை 1986-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஹிரானோவும் கிஷிமோட்டோவும் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாத் தொற்றில் சி.ஆர்.பி. ஆயிரம் மடங்குகூட உயரக்கூடும். வைரஸ் ஜுரங்களில் பொதுவாக அவ்வளவு ஏறுவதில்லை. இந்த வேற்றுமையே வைத்தியர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியாயிருந்தது.

அழற்சியோடு நீரிழிவுக்குள்ள உறவோ தனி வழியில் புலப்பட்டு வந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் 1876-இலும், மான்செஸ்டரில் வில்லியம்சன் 1901-இலும், அழற்சியைத் தணிக்கும் சோடியம் சாலிசிலேட்டை உட்கொண்ட நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார்கள். ஏன் என்று அப்போது ஒருவராலும் சொல்ல இயலவில்லை. 1993-இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைச் சுரந்து இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். 1998-இல் லண்டனில் பிக்கப், குரூக் என்ற இருவர், இரண்டாம் வகை நீரிழிவே உடலின் இயல்பான தற்காப்பு அமைப்பைச் சார்ந்த நோயாக இருக்கலாமோ என்ற கேள்வியை எழுப்பினார்கள். ஜுரமோ சீழோ யாதொன்றும் இல்லாத நீரிழிவு நோயாளியின் இரத்தத்திலும் சி.ஆர்.பி. சற்று உயர்ந்தே நிற்பதன் பொருள் அதன் பின்னர்தான் தெளிவாயிற்று. நீரிழிவு நோயாளிக்கு வைரஸ் ஜுரம் கண்டால், இந்தச் சிறு ஏற்றத்தின் மேல்தான் அந்த ஜுரத்தின் ஏற்றமும் வந்து சேர்கிறது. தொற்று சர்க்கரையை ஏற்ற, ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் ஆற்றலைக் குன்றச் செய்ய, ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழலில் நோயாளி அகப்பட்டுக் கொள்கிறான்.

2020-இல் உலகைச் சூழ்ந்த கொரோனா இதைப் பரிதாபகரமாக வெளிப்படுத்தியது. நீரிழிவுள்ளவர்கள் அதிகமாக இறந்தார்கள்; சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனைச் சொற்கள் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டன. எண் உயர்ந்ததைக் கண்டு எல்லோருக்கும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுக்கும் அவசரமும் உடன் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் வெளியான ரெக்கவரி ஆய்வு, நாள்தோறும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு பெற்றவர்களுள் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றோரின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்ததைக் காட்டியது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு நன்மை இல்லை என்பதையும் அதுவே காட்டியது. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, சி.ஆர்.பி.யும் லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் குறையாதிருந்தவர்களுக்கு இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்து மரணத்தைக் குறைத்தார்கள். இரத்தத்தின் எண்ணும் நோயாளியின் மூச்சும் ஒருசேர நோக்கப்பட்டதே அங்கே பயன் தந்தது. எண்ணை மாத்திரம் பிடித்துக்கொண்டு ஸ்டீராய்டு தந்தவர்கள், கிண்ணத்தின் மஞ்சள் படலத்தைக் கண்டு இரத்தம் வடித்த பழைய வைத்தியர்களின் தவற்றையே செய்தார்கள் என்று சொல்வேன். 2021-இல் இந்தியாவில் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு ஆளானவர்களுள் பெரும்பாலோர், கட்டுப்பாடில்லாத சர்க்கரையுடன் ஸ்டீராய்டும் பெற்றவர்களாயிருந்தார்கள். கண்ணை இழந்தவர் பலர். உயிரையே இழந்தவரும் பலர்.

ஆகையால், நீரிழிவுள்ள அன்பர்கள் வைரஸ் ஜுரம் கண்டால், சி.ஆர்.பி. எண் ஒன்றைப் பார்த்துப் பதறி மருந்துக் கடையில் தாமாக ஸ்டீராய்டு வாங்கி உட்கொள்ள வேண்டாம். முன்பு எடுத்த பரிசோதனைத் தாள்களையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் ஸ்டீராய்டு தந்தே ஆகவேண்டும் என்றால், அது சர்க்கரையை ஏற்றுமாதலால், அந்த நாட்களில் சர்க்கரையை நாளொன்றுக்குப் பலமுறை அளந்து பார்க்குமாறு நீங்களே கேளுங்கள்.