மரத்திற் படிந்த பச்சை: பங்கசுச் சாயமும் கைவினைஞர் வரலாறும்

சாயங்களின் வரலாறு பெரும்பாலும் வேதியியலாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1856இல் வில்லியம் பேர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டமையும், 1868இல் கிறேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கியமையும் அதன் திருப்புமுனைகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றின் முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின், நிறம் பற்றிய அறிவு ஆய்வுகூடத்திலேயே பிறந்தது என்னும் எண்ணம் உழைப்போரின் அறிவை வரலாற்றினின்று நீக்கிவிடுகிறது. மரத்தில் வளரும் ஒரு பங்கசின் கதை இதனைத் தெளிவாக்கும்.

ஐரோப்பியக் காடுகளில் விழுந்து கிடக்கும் ஓக் முதலிய மரங்களிற் குளோரோசிபோரியா என்னும் பங்கசு பரவும்போது, மரத்தின் உட்பகுதி நீலப்பச்சை நிறம் பெறுகிறது. சைலின்டீன் என்னும் நிறப்பொருளே இதற்குக் காரணம். தாவரச் சாயங்கள் பல ஒளியில் வெளிறிவிட, இது நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கிறது.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், பல நிற மரத்துண்டுகளைப் பொருத்திக் காட்சிகளை உருவாக்கும் இன்தார்சியா என்ற மரப்பதிப்புக் கலை உயர்நிலை எய்தியது. பெதெரிகோ ட மொன்தெபெல்த்ரோ என்னும் கோமகனுக்காக ஏறத்தாழ 1478 - 1482 காலப்பகுதியில் ஆக்கப்பட்ட கூபியோ அரண்மனைப் படிப்பறை இதற்குத் தக்க சான்றாகும். கூலிப்படைத் தலைவராக அவர் ஈட்டிய செல்வமே அவரது கலைப் புரவலுக்கு அடிப்படையாயிற்று. வடிவமைத்தவர் பிரான்செஸ்கோ டி ஜோர்ஜியோ என்றும், செய்து முடித்தது ஜூலியானோ ட மையானோவின் பட்டறை என்றும் கூறுவர். பச்சை படிந்த கட்டையைக் காட்டிலே இனங்கண்டோரின் பெயர்களோ, அதனை அறுத்துப் பொருத்திய தொழிலாளரின் பெயர்களோ இவ்வரிசையில் இல்லை.

எழுத்துச் சான்றுகளும் இவ்விடயத்திற் போதிய துணை செய்வதில்லை. கலைஞர் வாழ்க்கை வரலாறுகளை 1550இல் முதலில் வெளியிட்ட வசாரி, சாயங் கலந்த கொதிநீராலும் ஊடுருவும் எண்ணெய்களாலும் மரத்துக்கு நிறமூட்டியமையைக் குறிப்பிடுகிறார். ஆனால் அக்கலையைச் சித்திரத் திறனினும் பொறுமை மிகுந்தோரின் தொழில் எனத் தாழ்த்தியே மதிப்பிடுகிறார். மூளை உழைப்பை உடல் உழைப்பினின்று பிரித்து உயர்த்திய ஒரு காலத்தின் நோக்கு இது. அக்காலப் பதிப்பு வேலைகளிற் காணப்படும் பச்சை, குளோரோசிபோரியாவினால் விளைந்தது என்பதை 1992இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கொதிநீர்ச் சாயமும் வழக்கிலிருந்தது உண்மையே. ஆயினும் ஏடு கூறாத ஒரு தொழிலறிவை மரமே பேணி வைத்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் 19ஆம் நூற்றாண்டில் இதே மரம் முற்றிலும் வேறான உற்பத்திச் சூழலிற் பயன்பட்டது. வெவ்வேறு நிற மரக்குச்சிகளை ஒன்றாக ஒட்டிக் குறுக்காகச் சீவுவதன் மூலம், ஒரே சித்திரத்தைப் பல பெட்டிகளிற் பதிக்க முடிந்தது. பச்சை நிறத்துக்குப் பங்கசு படிந்த ஓக் பயன்பட்டது. பண்டங்கள் நீரூற்று நகருக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு நினைவுப் பொருள்களாக விலைப்பட்டன. 1851இன் இலண்டன் பெருங்கண்காட்சியிலும் அவை இடம்பெற்றன. பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டிலோ பட்டறை உடைமையாளரின் பெயரே காணப்பட்டது. புரவலனின் இடத்தைச் சந்தை பெற்றபோதும் உழைப்பாளி பெயரற்றவனாகவே நீடித்தான்.

இன்று ஒரிகன் அரச பல்கலைக்கழகத்திலும் பிறவிடங்களிலும் இப்பங்கசும் செந்நிறம், மஞ்சள் ஆகியவற்றைத் தரும் வேறு பங்கசுகளும் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் நிறப்பொருள்கள் பிரித்தெடுக்கப்பட்டு மரத்துக்கும் துணிக்கும் சாயமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கன. எனினும் இவற்றைப் புதுக் கண்டுபிடிப்புகளாக மாத்திரம் நோக்குவோமாயின், வசாரியின் தவற்றையே வேறு வடிவிற் செய்தவர்களாவோம்.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டப்பட்ட சாயவேர் கும்பனியின் வருவாயாகவே ஆவணங்களில் இடம்பெற்றது. மண்ணையும் வேரையும் அறிந்து தோண்டியவரின் அறிவை அக்கணக்கேடுகளில் மட்டும் தேடுவது பயன் தராது. அவர்கள் ஆக்கிய பொருள்களையும் கையாண்ட கருவிகளையும் வழங்கிய தொழிற்சொற்களையும் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வுமுறையை நாம் வளர்த்தெடுத்தல் வேண்டும்.