திருவாடானைச் சோறும் புழுங்கல் நெல்லின் சத்தும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை வட்டாரம் ஒருபோக நெல் பூமி. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவமழையும் கண்மாய்த் தண்ணீரும் கைகொடுத்தால் தை மாதம் அறுவடை. அந்த ஒரு விளைச்சலே ஆண்டு முழுவதும் குடும்பத்தின் சாப்பாடு. ஆகவே அரிசியில் என்ன சத்து இருந்தது, எது இல்லை என்பதே இவ்வூர் உடல்நலத்தின் வரலாறாகவும் இருந்திருக்கிறது.

அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. குடலில் அது குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலந்து, தசைக்கும் மூளைக்கும் எரிபொருளாகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கலோரி தரும். ஆனால் குளுக்கோஸ் முழுமையாக எரிய தயமின் எனும் பி1 வைட்டமின் வேண்டும். உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்கே தாங்கும். அது தீர்ந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், இதயம் வீங்கும். இதுதான் பெரிபெரி நோய்.

நெல்லில் தயமின் இருப்பது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான். பச்சரிசியைத் தீட்டத் தீட்ட அது போய்விடும். இங்கேதான் நெல் அவிக்கும் பழக்கம் பெரிய காவலாக நின்றது. நெல்லை இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் வாய் பிளக்கும்வரை அவித்து, களத்தில் காயவைத்து, உரலில் குத்துவார்கள். ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டின் சத்து தண்ணீரோடு உள்ளே இறங்கி அரிசிக்குள் தங்கிவிடும். பிறகு உமியும் தவிடும் போனாலும் சத்தில் நல்ல பங்கு மிஞ்சும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்ததும், பழைய சோற்று நீராகாரத்தை வீணாக்காததும் தண்ணீரில் கரைந்த சத்தையும் வயிற்றுக்குள் சேர்த்தன. வைட்டமின் என்ற பெயரே பிறக்காத காலத்தில் பெண்களின் கைப்பழக்கமாக இது நடந்துவந்தது.

இதன் அருமை தெரியவந்தது கடல் கடந்த மலாயாவில். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஏராளமாக மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டை 1907இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் கருதினார். அந்த விளக்கம் தவறு, கவனித்தது சரி. கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் பிளெட்சர் இருவகை அரிசியையும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் நோய் பச்சரிசிப் பக்கமே நின்றது. இந்தியாவிலும் பச்சரிசி உண்ட ஆந்திராவின் வடசர்க்கார் கடலோரத்தில்தான் பெரிபெரி வேரூன்றியிருந்தது. தயமினைச் செயற்கையாகச் செய்யும் வழி 1936இல்தான் கிடைத்தது.

புழுங்கலரிசியாலும் எல்லாம் நிறைந்துவிடாது. அரிசிப் புரதத்தில் லைசின் எனும் அமினோ அமிலம் குறைவு. தசை வளர அதுவும் வேண்டும். தொண்டிக் கடற்கரையின் சூடையும் காரலும் நெத்திலியும், அவற்றின் கருவாடும் அந்தக் குறையைத் தீர்த்தன. முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் தந்தது. மீன் வராத நாளில் பருப்பு கைகொடுத்தது. குழம்பின் சிவப்பு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயினுடையது. மிளகாயில் உள்ள கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். அது குடலில் உறிஞ்சப்பட எண்ணெய் தேவை. தாளிப்பு அதைக் கொடுத்தது.

ஆலைகள் வந்தபின் உரலும் உலக்கையும் ஓய்ந்தன, அரிசி வெளுத்தது. ஆலையில் தீட்டினாலும் புழுங்கலரிசி, பச்சரிசியைவிடத் தயமினைக் கூடுதலாகவே காத்துவைக்கிறது. பின்னர் ரேஷன் கடைகளில் இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்துச் செறிவூட்டிய அரிசி வந்தது. தயமின் அதன் கட்டாயப் பட்டியலில் இருக்கவில்லை. அதற்கு இன்னமும் அவித்த நெல்லையே நம்ப வேண்டியிருக்கிறது.