வலியைத் தேடிய வைத்தியர்

கரியாலூருக்கு நான் போனது, பாதியில் நின்றுபோன ஒரு நாவலை முடிப்பதற்காக. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் ஏறினால், அது வளைந்து வளைந்து கல்வராயன் மலைமேல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மரவள்ளிக் கொல்லைகள், கடுக்காய் மரங்கள், காலை பத்து மணி வரை விலக மனமில்லாமல் நிற்கும் பனி: இவற்றையெல்லாம் வர்ணிக்க எனக்கு ஆசைதான். ஆனால் நாவல் விஷயத்தில் அந்த மலை எனக்கு எந்த ஒத்தாசையும் செய்யவில்லை. வேறொரு காரியம் செய்தது.

மூன்றாம் நாள் காலையில் செருப்பில்லாமல் ஓடைப் பக்கம் உலாவிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். நாற்காலியில் சாய்ந்து காகிதத்தை எடுத்தபோது காவல்காரக் கிழவர் காப்பி கொண்டுவந்தார். அவர் அந்த மலையின் மலையாளிக் கவுண்டர்களில் ஒருவர். (கேரளத்து மலையாளி அல்ல, மலையில் வாழ்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர்.) வாசற்படியிலேயே நின்று தரையைப் பார்த்தார்.

"ரத்தம் யாருக்குங்க ஐயா?"

வாசலிலிருந்து என் நாற்காலி வரை, ஓர் அடிக்கு ஒரு பொட்டாகச் சிவப்பு. "எனக்கில்லையே, கவுண்டரே. நாய் ஏதாவது வந்ததோ என்னவோ" என்றேன்.

"காலைத் தூக்குங்க" என்றார்.

என் வலது உள்ளங்காலில் ஒரு விரற்கடை நீளத்துக்கு முள் ஏறியிருந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்தார். முகத்தைச் சுளிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். சுளிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

"வலிக்கலீங்களா?"

"இல்லை" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னதாக ஞாபகம்.

கிழவர் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்கணுங்களே" என்றார்.

ஒன்பது வருஷமாக எனக்குச் சர்க்கரை வியாதி. ஊருக்குத் திரும்பியதும் வைத்தியரிடம் போனேன். அவர் என்னைக் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். "பாதத்தில் ஒரு நைலான் இழையால் தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்லுங்கள்" என்றார். நானும் காத்துக்கொண்டிருந்தேன். அவர் எப்போது ஆரம்பிக்கப்போகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "முடிந்துவிட்டது" என்றார். அந்த இழை பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும்படி செய்யப்பட்டது. அந்த அழுத்தத்தைக்கூட உணராத பாதம், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத பாதம். இந்த அளவுகோலை நிர்ணயித்தவர்கள் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் வேலை செய்தவர்கள். தொழுநோய்க்கும் என் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் படித்துச் சேர்த்ததுதான் இந்தக் கதை. கதை கார்வில்லில் ஆரம்பிக்கவில்லை. நமது கல்வராயன் மலைக்குத் தென்மேற்கே, கொல்லிமலையில் ஆரம்பிக்கிறது.

பால் பிராண்ட் 1914-ஆம் வருஷம் ஜூலை மாதம் கொல்லிமலையில் பிறந்தார். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் பாதிரியார். அதோடு கட்டட வேலை, வைத்தியம், விவசாயம் எல்லாம் பார்த்தவர். மலைவாசிகளின் காலில் குடியிருந்த நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி அவர் வெளியே எடுப்பதைப் பையன் அருகில் நின்று பார்த்திருக்கிறான். ஒன்பதாம் வயதில் படிப்புக்காகப் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வகை ஒன்றில் இறந்துபோனார். தந்தி போய்ச் சேர்ந்த பிறகும், கப்பலில் வரவேண்டிய தகப்பனாரின் கடிதங்கள் பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தனவாம்.

தாயார் ஈவ்லினைப் பற்றித் தனியாகவே ஒரு நாவல் எழுதலாம். வயதாகிவிட்டது என்று சபையார் ஓய்வு கொடுத்த பிறகும் அந்த அம்மாள் மலையை விட்டு இறங்கவில்லை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் ஏறிக்கொண்டு மருந்துப் பெட்டியோடு அலைந்தார். 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். நான் முள் குத்திக்கொண்ட மலைப்பாதைகளில் எதிலாவது அந்தக் குதிரை நடந்திருக்குமோ என்று நினைத்துப் பார்த்ததுண்டு.

பிள்ளைக்கு முதலில் வைத்தியத்தில் பிரியமில்லை. சில வருஷங்கள் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினார். பிறகே லண்டனில் டாக்டருக்குப் படித்தார். 1946-ஆம் வருஷக் கடைசியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு, மூட்டு ரண சிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தார். மறு வருஷம், செங்கற்பட்டில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார். பறவையின் நகங்களைப்போல மடங்கிப்போன கைகள் வரிசை வரிசையாக. இவற்றுக்கு என்ன சிகிச்சை என்று பிராண்ட் கேட்டார். "நான் தோல் வைத்தியன், எலும்பு வைத்தியர் நீங்கள். இந்த வியாதியைத் திரும்பிப் பார்த்த எலும்பு வைத்தியர் யார்?" என்கிற பாவனையில் காக்ரேன் மறு கேள்வி போட்டார்.

அப்போது பிராண்ட் ஒரு காரியம் செய்தார். ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த அது, வைத்தியர் வலியால் துடிக்கும்படி இறுக்கியது. அந்த வலியில்தான் இந்த ஆராய்ச்சி பிறந்தது. பிடிக்கிற தசைகள் பிழைத்திருக்கின்றன. திறக்கிற, சீராக வளைக்கிற சின்னத் தசைகள் மட்டுமே போய்விட்டன என்று அவருக்குப் புரிந்தது.

காரணம் இதுதான். முழங்கையின் உள்பக்கத்தில் எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுரீர்' என்று மின்சாரம் பாயும் அல்லவா? அந்த நரம்பு அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. உடம்பில் குளிர்ந்த இடமாகப் பார்த்துத் தங்கும். தோலுக்கு அருகில் வரும் இடத்தில் நரம்பு வீங்கிச் சாகிறது. அதை நம்பியிருந்த கையின் சிறு தசைகளும் சாகின்றன. ஆழத்தில் ஓடும் நரம்புகளுக்கும் முன்கையின் பெரிய தசைகளுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

1948-இல் வேலூரில் ரண சிகிச்சை ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. ஒன்றே போதும். மற்றதை எடுத்து, செத்த தசை இருந்த இடத்துக்குத் திருப்பிக் கட்டினார்கள். பின்னால் மணிக்கட்டின் தசை ஒன்றையே வேலைக்கு அமர்த்தி, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீளம் கூட்டினார்கள். தச்சு வேலை படித்தது வீண்போகவில்லை. ஆனால் கயிற்றை மாற்றிக் கட்டினால் போதாது. மூளை பழைய முகவரிக்கே கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். நோயாளி வாரக்கணக்கில் பயிற்சி செய்து, எந்த விரலை நினைத்தால் எது அசைகிறது என்று குழந்தையைப்போல் கற்க வேண்டும். கண்ணிமை மூடாதவர்களுக்கு, மெல்லும் தசையில் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் வாயை மென்றால்தான் கண் சிமிட்டும்! கண் வைத்தியரான மார்கரெட் பிராண்ட் இவர்களுக்காகவே பாடுபட்டவர். விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார்.

தசைநாண் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தசைநாணும் தோலும் கொலாஜன் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. கல்வராயன் காட்டில் பொறுக்கும் கடுக்காயின் துவர்ப்பு மாட்டுத் தோலைப் பதப்படுத்துவது, அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான். அதன் அணு அமைப்பு மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954-55-இல் உலகத்துக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஒருபக்கம் வேலூரில் அந்தக் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் சென்னையில் அதன் முறுக்கை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1954-இல் தமிழ் நாட்டு ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 'ரத்தக்கண்ணீர்' பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்.ஆர். ராதாவின் நடிப்பைக் குறை சொல்ல நான் யார்! ஆனால் பாவம் செய்தவனுக்குக் கதாசிரியன் கொடுக்கும் தண்டனையாக இந்த வியாதியை வைத்தோமே, அதில் எங்கள் ஜாதிக்குப் பங்கு உண்டு. வில்லனை என்ன செய்வதென்று தெரியாதபோது நானும் ஒரு தொடர்கதையில் அவனுக்குக் குஷ்டத்தைக் கொடுத்திருக்கிறேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். நிமிர்ந்த விரல்களோடு வேலூரிலிருந்து வீடு திரும்பிய ஒருவர், இந்தக் கைகளுக்குப் பிச்சைகூடச் சரியாக விழவில்லை என்று பிராண்டிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாராம். ஆனால் வேலை கொடுப்பாரும் இல்லை. அதனால்தான் தச்சு முதலிய தொழில் கற்றுத்தரும் நவஜீவ நிலையம் வேலூரில் ஏற்பட்டது.

இனிமேல்தான் என் காலுக்குச் சம்பந்தப்பட்ட பகுதி. சீர்செய்த கைகளில் திரும்பத் திரும்பக் காயங்கள் வந்தன. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் விழும் என்பதுதான் அன்றைய வைத்திய உலகமே நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் சாவியை வாங்கி அநாயாசமாகத் திருப்பிவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. பார்த்தால், எலும்பு தெரியும்வரை அறுந்திருக்கிறது! அவனுக்குத் தெரியவில்லை. நமக்கும் அந்தப் பலம் உண்டு. வலி நம்மை நிறுத்திவிடுகிறது. பிறகு ஒவ்வொரு காயமாகத் துப்பறிய ஆரம்பித்தார்கள். சூடான பாத்திரம், சுத்தியல் பிடி, விளக்குக் கண்ணாடி. இரவில் விரலின் நுனி காணாமற் போயிருந்த சிலரைக் காவல் காத்துப் பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்குகிறவர் விழிக்கவில்லை. அதன்பின், வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

அழுகல் அல்ல, வலியின்மைதான் எதிரி என்று தெரிந்தது. இந்தச் சமயத்தில் இங்கிலாந்து சென்றிருந்த பிராண்ட், ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் வந்துவிட்டது என்றே அந்த இரவைக் கழித்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். அலறினார். பிரயாணத்தில் ஒரே நிலையில் உட்கார்ந்ததால் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த அலறலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். கரியாலூரில் கிழவர் முள்ளை இழுத்தபோது எனக்கு வராத அலறல் அது.

புண்ணான பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அழுத்தம் பரவியதும் புண் தானே ஆறியது. ஆறிய பாதத்துக்குச் செருப்பு வேண்டும். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இது பெரிய வேலையாயிற்று. கட்டையில் செய்து பார்த்தார்கள். பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது மைக்ரோ செல்லுலர் ரப்பர். ரப்பர் மாவில் கந்தகத்தோடு ஒரு ரசாயனத்தைக் கலந்து சூடாக்கினால், அது வாயுவாகப் பிரிந்து லட்சக்கணக்கான நுண்ணிய குமிழிகளை உண்டாக்கும். குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியே இருப்பதால் தண்ணீர் ஏறாது. மிதித்தால் அமுங்கி, எடுத்தால் எழும். உள்ளே இந்த மெத்தை. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, ஏனென்றால் ஆணி மேலே கிளம்பினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது.

1966-இல் பிராண்ட் கார்வில்லுக்குப் போனார். அழுத்தம் பட்ட இடத்தில் உடைந்து நிறம் காட்டும் நுண் குமிழிகள் பதித்த காலுறை அங்கே உருவாயிற்று. மருத்துவமனையின் சிமெண்டுத் தாழ்வாரங்களில் தாமே ஓடிப் பாதத்தின் சூட்டை அளந்தார். ஓட ஓட, நமக்குத் தெரியாமலே மிதிக்கும் விதத்தை மாற்றிக்கொள்கிறோம். களைத்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். உணர்ச்சியற்ற பாதமோ முதல் அடியைப்போலவே ஆயிரமாவது அடியையும் வைக்கும். ஒரு பெரிய அடியால் அல்ல, ஓயாத சிறு அடிகளால் புண் வருகிறது. ஓட்டக்காரர்களின் எலும்பில் கீறல் விழுவதும் இப்படித்தான் என்று விளையாட்டு வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

செயற்கை வலி ஒன்றைச் செய்யவும் பல வருஷம் முயன்றார்கள். அழுத்தம் மிஞ்சினால் சத்தமிடும் கையுறை. நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். முக்கியமான வேலை வந்தால் அவர்கள் விசையை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் போட்டுக்கொண்டார்கள்! வலி என்பது அணைக்க முடியாததாக இருந்தால்தான் வலி என்று கண்டு, திட்டத்தைக் கைவிட்டார்கள். எனக்கு இந்தத் தோல்விதான் மற்ற வெற்றிகளைவிடப் பிடித்திருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே நாடகம் நடப்பதை அவர் கண்டதால், மாவுக்கட்டும் ரப்பர் செருப்பும் நைலான் இழையும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. பிராண்ட் 2003-இல் காலமானார். தொழுநோய்க்கு 1980-களில் கூட்டு மருந்து வந்து, இன்று அது முற்றிலும் குணமாகிற வியாதி. மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. ஆகையால் செருப்பு இன்னும் வேண்டியிருக்கிறது.

வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்து நானும் ஒரு ஜோடி வாங்கினேன். கறுப்பு, அகலப் பட்டை, கனம். அந்த நாளில் இதன் உருவத்தைப் பார்த்தே வியாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று பலர் போட மறுத்தார்களாம். சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில், மண்டப வாசலில் அக்காள் பிள்ளை கேட்டான்: "என்ன மாமா, இது ஒரு மாதிரிச் செருப்பா இருக்கே?"

"முழங்கால் வலிக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.