சப்புகஸ்கந்தையில் ஒரு யூரியாத் தொழிற்சாலை இருந்தது

நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

இலங்கையில் யூரியா உற்பத்தி செய்யப்பட்டது என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நம்புவதில்லை. எல்லாரும் வயல்காரர்களின் பிள்ளைகள். யூரியா கப்பலில் வரும், கமநல சேவை நிலையத்துக்கு வரும், வரப் பிந்தினால் வீட்டில் சண்டை வரும். அவர்களுக்குத் தெரிந்த யூரியா அவ்வளவுதான். பெரியவர்கள் வேறு மாதிரி. ஒவ்வொரு காலபோகத்திலும் பசளை பிந்தும்போது, "ஒரு பசளைத் தொழிற்சாலை கட்ட எந்த அரசாங்கத்துக்கும் துப்பில்லை" என்று எழுதுவார்கள்.

கட்டினார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், பெரிதாகவே கட்டினார்கள். நாலைந்து வருடம் ஓடியது. பிறகு மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள் என்பதைத்தான் எழுத வந்தேன். இப்போதும் "தொழிற்சாலை கட்டுவோம், விரிவாக்குவோம்" என்ற பேச்சு அடிபடுகிறது. பழைய கணக்கைப் பார்க்காமல் புதுக்கணக்குப் போடக்கூடாது.

முதலில் அந்தக் காலத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கட பக்கத்தில் மொட்டைக்கருப்பனும் பச்சைப்பெருமாளும் விதைத்த காலத்தில் மாட்டெருவும் குழையும் போதும். 1950களின் கடைசியில் எச்-4 வந்தது. 1970இல் இருந்து பத்தலகொடையின் பிஜி இனங்கள் வந்தன. இவை குட்டை நெல். நன்றாகப் பசளை போட்டால் நன்றாக விளையும். போடாவிட்டால் பழைய நெல்லே மேல். 1962இல் பசளை மானியம் தொடங்கியது. பத்து வருடத்துக்குள் கமக்காரனின் கை யூரியா மூட்டையில் பழகிவிட்டது. மூட்டையோ முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கழுத்தை நெரித்த காலம் அது.

மறுபக்கத்தில், 1969இல் சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. மசகெண்ணெயைப் பிரித்தால் மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் வரும். கூடவே நப்தா என்ற ஒரு மெல்லிய எண்ணெயும் வரும். அன்று நாட்டுக்குள் அதற்குப் பெரிய தேவை இல்லை, மலிவாக ஏற்றுமதி செய்ய வேண்டியதுதான். நப்தாவை நீராவியோடு தாக்கமுறச் செய்தால் ஐதரசன் கிடைக்கும். நைதரசன் காற்றில் சும்மா இருக்கிறது. இரண்டையும் உயர் அமுக்கத்தில் சேர்த்தால் அமோனியா. அதைக் காபனீரொட்சைட்டோடு சேர்த்தால் யூரியா. அந்தக் காபனீரொட்சைட்டும் அதே தொழிற்சாலையிலேயே கழிவாக வருகிறது. உயர்தர இரசாயனவியல் படித்த எவருக்கும் இது கண்ணைக் கவரும் திட்டம். மிஞ்சும் எண்ணெய், சும்மா கிடக்கும் காற்று, அதிலிருந்து நாட்டுக்குச் சோறு.

பணம்தான் இல்லை. இந்த மாதிரித் தொழிற்சாலைக்குச் சாதாரண வங்கி கடன் தராது, ஏனென்றால் கட்டி முடிக்கவே வருடங்கள் போகும். அதற்காகத்தான் அபிவிருத்தி வங்கிகள் இருக்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கி 1966இல் தொடங்கியபோதே இலங்கை அதில் ஸ்தாபக உறுப்பு நாடு. 1968இல் தேயிலைத் தொழிற்சாலைகளை நவீனமாக்க முதல் கடன் கிடைத்தது. 1970களில் யூரியாத் திட்டத்துக்கும் அந்த வங்கி கடன் தந்தது. அரச பசளை உற்பத்திக் கூட்டுத்தாபனத்தின் பெயரில், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை எழுந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 540 தொன் அமோனியா, 940 தொன் யூரியா. வருடத்துக்குச் சுமார் 3 இலட்சம் தொன். அன்றைய நாட்டுத் தேவையை விட அதிகம். மிச்சத்தை ஏற்றுமதி செய்வதாக எண்ணம்.

அதே வருடங்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்தார்கள். மிளகாய்ச் செய்கையில் காசு பார்த்த ஒரு தலைமுறை அங்கே உருவானது. "நாங்களே செய்வோம்" என்ற ஒரே கொள்கைதான் விசுவமடு மிளகாய்த் தோட்டத்திலும் சப்புகஸ்கந்தை இரும்புக் கோபுரத்திலும் இருந்தது. 1977இல் ஜே.ஆர். அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் மிளகாய்க்காரர் அடிபட்டார்கள். தொழிற்சாலைக்கு அடி வந்தது வேறு வழியால்.

நப்தா எங்கேயிருந்து வந்தது? மசகெண்ணெயிலிருந்து. மசகெண்ணெய்? மத்திய கிழக்கிலிருந்து, கப்பலில். யூரியாக் கப்பலை நிறுத்துவதற்காக எண்ணெய்க் கப்பலை நம்பினோம். 1973 ஒக்டோபருக்கு முன் பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்த மசகெண்ணெய், சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. 1979, 80இல் 30 டொலரைத் தாண்டியது. "மிஞ்சுகிற மலிவு எண்ணெய்" என்று கணக்குப் போட்ட நப்தா உலகச் சந்தையில் நல்ல விலைபோகும் பொருளாகிவிட்டது. அதைப் பசளையாக்குவதை விட விற்றுவிட்டு, வந்த காசில் வளைகுடாவின் யூரியாவை வாங்குவது இலாபம். வளைகுடாக்காரன் இயற்கை வாயுவில் யூரியா செய்கிறான், அவனுக்கு மூலப்பொருள் காலடியில் இருக்கிறது.

இதற்கு மேல் நாணயம். கடன் டொலர்க் கணக்கில். 1970களின் நடுவில் டொலர் சுமார் 7 ரூபாய். 1977 நவம்பரில் நாணயமாற்று வீதங்களை ஒன்றாக்கியபோது அது 16 ரூபாய் ஆனது. தொழிற்சாலை ஒரு தொன் யூரியா தருவதற்கு முன்பே ரூபாய்க் கணக்கில் கடன் இரண்டு மடங்காகிவிட்டது.

1980களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. 1985இல் மூடினார்கள். அடுத்த வருடமே, 1986இல், உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது! இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வருடங்களில் யூரியா விலையும் சேர்ந்து சரிந்தது, அதனால் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

இதற்கு யார் பொறுப்பு என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒரு பகுதியினர் வங்கியைத் திட்டுவார்கள், இன்னொரு பகுதியினர் திறந்த பொருளாதாரத்தை. கூட்டுத்தாபனம் என்றாலே ஊழல் என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. வங்கி தந்தது இயந்திரத்துக்கான காசு. இயந்திரத்துக்கு இருபது வருடம் யார் தீனி போடுவது, விலை ஏறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது என்ற கேள்விக்கு ஒரு கடன் ஒப்பந்தம் மட்டும் பதிலாகாது. அந்தப் பதிலை அரசாங்கம் வைத்திருக்க வேண்டும்.

வைத்திருந்தவர்களைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், தூத்துக்குடியில் ஸ்பிக். சென்னைக்கு வடக்கே மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ். இரண்டும் நப்தாவில் ஓடியவை. எங்களுக்கு அடித்த அதே எண்ணெய் விலை அவர்களுக்கும் அடித்தது. ஆனால் 1977இல் இந்திய அரசு ஒரு முறையைக் கொண்டுவந்தது: ஒவ்வொரு ஆலைக்கும் அதன் உற்பத்திச் செலவுக்கு ஏற்ற விலையைக் கணக்கிட்டு, விவசாயி கொடுக்கும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசே கட்டும். நங்கல், டிராம்பே போன்ற இடங்களில் ஆலைகளை விரிவாக்க உலக வங்கிக் குழுமம் 1970களில் கடன் தந்தபோது, அந்தக் கடனைத் தாங்க இப்படி ஒரு முதுகெலும்பு பின்னால் வந்து சேர்ந்தது. செலவு பயங்கரம்தான். இன்றுவரை இந்திய வரவுசெலவுத் திட்டத்தில் பசளை மானியம் பெரிய பாரம். ஆனாலும் ஆலைகள் உயிரோடு இருந்தன, வாயுக்குழாய் வந்ததும் மாறின. மணலி 2019இல் இயற்கை வாயுவுக்கு மாறியது, தூத்துக்குடி 2021இல். பங்களாதேஷில் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் இன்னும் பலரும் சேர்ந்து கடன் கொடுத்த ஆசுகஞ்ச் ஆலை, தொடக்கத்திலிருந்தே சொந்த நாட்டு வாயுவில் ஓடியது. அங்கேயும் இப்போது வாயு தட்டுப்பட்டால் ஆலை நிற்கிறது. யூரியா ஆலைக்கு எல்லா நாட்டிலும் ஒரே வியாதிதான்.

சப்புகஸ்கந்தை நப்தா என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை மூடியபின் பழையபடி ஏற்றுமதி. பிற்காலத்தில் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் எரிக்கிறார்கள்.

எங்கட மண்ணில் ஒரு தொழிற்சாலை இருந்ததையும் மறக்கக்கூடாது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. 1950களில் எழுந்தது. ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். மூலப்பொருள் கூப்பிடு தூரத்தில். எந்த நாட்டு எண்ணெய் விலையும் அந்த உப்பைத் தொடமுடியாது. சப்புகஸ்கந்தைக்கு இல்லாத பலம் அது. அதை முடித்தது யுத்தம். 1990க்குப் பிறகு அந்தத் தொழிற்சாலை இயங்கவேயில்லை. பரந்தன் என்ற பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் குளோரீனை இறக்குமதி செய்து விற்று உயிர்வாழ்ந்தது. ஊரின் பெயர் சிலிண்டரில், ஊரில் வெறும் சுவர். மூலப்பொருள் பக்கத்தில் இருந்தாலும் சமாதானம் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

1990 வன்னிக்கு இன்னொன்றையும் செய்தது. அந்த வருடம் நாடு முழுவதும் பசளை மானியத்தை நிறுத்தினார்கள், 1994இல்தான் திரும்ப வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கோ யூரியா போவதே தடை, வெடிமருந்து செய்யலாம் என்ற காரணத்தால். (அந்தக் காரணம் முழுப்பொய் அல்ல. முதலாம் உலகப்போரில் ஜேர்மனி வெடிமருந்துக்கு நம்பியிருந்தது ஹேபரும் பொஷ்ஷும் பசளைக்காக உருவாக்கிய அதே அமோனியாவைத்தான்.) அந்த ஒக்டோபரில் எங்கட சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றிவிட்டதால் நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். வாப்பாவின் வயல் காடு பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கதையைக் கல்வியியற் கல்லூரியில் கூடப்படித்த கிளிநொச்சி நண்பர்கள் சொல்லித்தான் கேட்டேன். வவுனியாவில் ஒரு விலைக்குப் போன யூரியா உள்ளே பல மடங்கு. ஒரு மூட்டையைப் பலர் பங்குபோட்டு, கிலோக்கணக்கில் வாங்கி, பயிரின் நிறம் பார்த்து அள்ளி எறிவார்களாம். 2002 யுத்த நிறுத்தத்தோடு தடை தளர்ந்தபோது அவர்களின் தகப்பன்மார் முதலில் வாங்கிய சாமான்களில் ஒன்று யூரியா.

அந்தச் சனத்துக்கு 2021 புதிதல்ல. அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் நிறுத்தினார்கள். தெற்கிலே வீதிக்கு இறங்கினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் காலபோக விதைப்பு நடந்து முடிந்துவிட்டது. யூரியா என்பது நேரத்துக்குப் போடவேண்டிய சாமான். விதைத்து இரண்டு கிழமையில் முதல் தரம், பிறகு கிளைவிடும்போது, குடலைப் பருவத்தில் என்று கணக்கு உண்டு. பிந்தி வந்தால் வைக்கோலுக்குத்தான் உதவும். 2021இல் 51 இலட்சம் தொன் அளவில் இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2022இல் 34 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. 350 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் மானிய விலையில் வாங்கிய, 2020இல் இலவசமாகவே கிடைத்த மூட்டையை, 2022 சிறுபோகத்தில் அரசாங்கமே 10,000 ரூபாய்க்குக் கொடுத்தது.

அந்த ஜூன் மாதத்தில் இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி 55 மில்லியன் டொலர் கடன் தந்தது. 65,000 தொன் யூரியா வாங்க. அரை நூற்றாண்டுக்கு முன் யூரியாத் தொழிற்சாலைக்குக் கடன் வாங்கிய நாடு, யூரியா மூட்டைக்குக் கடன் வாங்கியது.

இனி எப்பாவல. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் அநுராதபுரம் தாண்டினால் வரும் ஊர். 1971இல் அங்கே பொஸ்பேற்றுப் பாறை கண்டுபிடித்தார்கள். இது எங்கள் மண்ணுக்குள் இருக்கிறது, கப்பல் தேவையில்லை. ஆனால் அந்தப் பாறை இலேசில் கரையாது. அரைத்துப் போட்டால் தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிருக்குச் சரி, மூன்றரை மாத நெல்லுக்குக் காணாது. நெல்லுக்கு வேண்டுமென்றால் அமிலத்தோடு சேர்த்துச் சுப்பர் பொஸ்பேற்று ஆக்கவேண்டும். 1990களில் அதை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்பந்தமாகக் கொடுக்கப் பார்த்தபோது, ஊர்க் கமக்காரர்களும் ஒரு பௌத்த தேரரும் உயர் நீதிமன்றம் போனார்கள். பாறையின் அளவையும் தரத்தையும் முறையாக ஆராயாமல், சுற்றாடல் மதிப்பீடு செய்யாமல் ஒப்பந்தம் போடக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கலாவெவயிலிருந்து அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஜயகங்கைக் கால்வாய் அந்த ஊரால்தான் ஓடுகிறது. அவர்கள் காப்பாற்றியது அதையும் சேர்த்துத்தான். இருபத்தைந்து வருடம் போய்விட்டது. நெல்லுக்குப் போடும் டிஎஸ்பி இன்னும் கப்பலில்தான் வருகிறது. என் பார்வையில் இந்த நாட்டில் விரிவாக்குவதற்குத் தகுதியான பசளைத் தொழிற்சாலை ஒன்று உண்டென்றால் அது எப்பாவலதான். வெட்டுவது அளவோடு, அமிலம் எங்கிருந்து வரும் என்ற கணக்கோடு, அந்தத் தீர்ப்பை மேசையில் வைத்துக்கொண்டு.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை முதலீட்டு வலயங்கள் என்று அறிவித்தார்கள். பரந்தனில் என்ன செய்யப்போகிறார்கள், அதற்கு மூலப்பொருள் எது, கடன் எந்த நாணயத்தில், விலை ஏறினால் வித்தியாசம் யார் தலையில் என்ற நாலு கேள்வியையும் கமக்கார அமைப்புக் கூட்டங்களிலேயே கேட்கத் தொடங்கலாம். அதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

பரந்தன் தொழிற்சாலையிலோ சப்புகஸ்கந்தை யூரியாத் தொழிற்சாலையிலோ வேலை செய்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், தெரிந்ததை எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, படம் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் காட்டவேண்டும்.