மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறினால்: பொங்கல் சோறும் மக்காச்சோளமும் உயிரைப் பறிப்பது எப்படி?

தை மாதம் களமருதூர், உளுந்தூர்பேட்டை பக்கம் மக்காச்சோளம் களத்துக்கு வரும். அதே நாட்களில் மாட்டுப் பொங்கலும் வரும். அவிழ்த்துவிட்ட பசு குவியலில் வாய் வைத்துவிடும். அல்லது பாசத்தில் அண்டா சோற்றை நாமே வைத்துவிடுவோம். மறுநாள் மாடு எழுந்திருக்காது. வயிறு உப்புசம் என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உண்மையில் பல மாடுகளுக்கு வந்திருப்பது அமில நோய்.

வைக்கோலின் நார்ச்சத்தும் அரிசி, மக்காச்சோளத்தின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சர்க்கரை கோத்த சங்கிலிகள்தான். கண்ணிகளைக் கோத்த விதம்தான் வேறு. நார்ச்சத்தின் கோப்பை உடைப்பது கடினம். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெதுவாக உடைத்து அசிட்டிக் அமிலம் போன்றவற்றைத் தருகின்றன. மாட்டுக்குத் தெம்பும் பாலில் கொழுப்பும் இந்த அமிலங்களிலிருந்துதான் கிடைக்கின்றன. அசைபோடும்போது நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும் உமிழ்நீரில் சோடா உப்பு இருக்கிறது. அது வயிற்றின் கார அமில நிலையை, அதாவது பி.எச். அளவை, 6 முதல் 7-க்குள் வைத்திருக்கும்.

மாவுச்சத்தின் கோப்பு எளிதில் உடையும். ஒரேயடியாக நிறைய சோறோ மாவோ உள்ளே போனால் லாக்டிக் அமிலம் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். தயிரையும் இட்லி மாவையும் புளிக்க வைக்கும் அதே அமிலம்தான் இது. சோறு, கூழுக்கு அசைபோட வேலையில்லை என்பதால் உமிழ்நீரும் குறைந்துபோகும். பி.எச். 5-க்கும் கீழே இறங்கும்.

6-லிருந்து 5 என்றால் ஒன்றுதானே குறைந்தது என்று நினைக்கக் கூடாது. டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் 1909-ல் வகுத்த இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு, இரண்டு எண் இறங்கினால் 100 மடங்கு. நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். ரத்தத்தில் உள்ள நீரை வயிறு இழுத்துக்கொள்ளும். அமிலம் ரத்தத்தில் கலக்கும். கண் குழிவிழுந்து, புளித்த நாற்றத்துடன் கழிந்து, தள்ளாடி, மாடு படுத்துவிடும். கடுமையாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் இறப்புதான்.

நிறமாற்றத்தை வைத்து இதை அறிய முடியுமா? ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாகிறதே, அது காரத்தைக் காட்டும் நிறங்காட்டிதான். ஆனால் மஞ்சள் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும், இங்கே உதவாது. செம்பருத்திப் பூ தேய்த்த காகிதம் எலுமிச்சையில் சிவக்கும், சுண்ணாம்பில் பச்சையாகும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். மாட்டின் உயிர் விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். லிட்மஸ் தாளோ பி.எச். தாளோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புல், வைக்கோல் தின்னும் நலமான பசுவின் சிறுநீர் காரமாக இருக்கும். சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். அமில நோயில் நீலத்தாள் சிவப்பாகும். மாடு பெய்யும்போதே பிடித்த சிறுநீராக இருக்க வேண்டும். தொழுவத்தில் தேங்கியதில் யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகி, நோயுற்ற மாட்டுக்கும் காரம் என்றே காட்டும். கால்நடை மருத்துவர் பெருவயிற்று நீரையே எடுத்துப் பார்ப்பார். அதுதான் உறுதியான சோதனை. தாள் கையில் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். மாடு அதிகம் தின்றது தெரிந்தால் அதுவே போதும்.

உடனே 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது கால்நடை அவசர ஊர்தி சேவையின் எண். தின்றது என்ன, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். மீதித் தீவனத்தை எடுத்துவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். வயிறு முட்டத் தண்ணீர் காட்ட வேண்டாம். சமையல் சோடா அமிலத்தை முறிக்கும் என்பது சரிதான். ஆனால் முறியும்போது வாயு கிளம்பும், உப்பிய வயிறு மேலும் உப்பும். அதனால் மருத்துவரிடம் போனில் அளவு கேட்டுக்கொண்டே கொடுங்கள். படுத்துவிட்ட, விழுங்க முடியாத மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். முற்றிய நிலையில் மருத்துவர் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார். சில நேரம் நலமான மாட்டின் வயிற்று நீரை எடுத்துச் செலுத்துவதும் உண்டு.

ஊறுகாய்ப் புல்லிலும் இதே லாக்டிக் அமிலம்தானே என்று விவசாயிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல ஊறுகாய்ப் புல்லின் பி.எச். ஏறக்குறைய 4, அந்தப் புளிப்பால்தான் தீவனம் கெடாமல் இருக்கிறது. ஆனால் அதில் நார் உண்டு, மாடு அசைபோடும், உமிழ்நீர் ஊறும். பழக்கிக் கொடுத்தால் பயமில்லை.

சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைத் திப்பி, வீட்டில் மிஞ்சும் ரேஷன் அரிசிக் கஞ்சி, மக்காச்சோள மாவு எல்லாமே மாவுச்சத்துதான். அடர்தீவனத்தைக் கூட்டுவதானால் இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வையுங்கள், முதலில் வைக்கோல் போட்டு அதன் பிறகு மாவு காட்டுங்கள். மாட்டுப் பொங்கலன்று ஒரு கைப்பிடி சோறும் வாழைப்பழமும் போதும். களத்தில் மக்காச்சோளம் காயும் நாட்களில் இரவில் கட்டுத்தறிக் கயிற்றை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.