பஞ்சாங்கமும் தொலைநோக்கியும்

பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பம் எதுவாயினும், அதன் வீட்டில் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் ஒன்று தொங்கக் காணலாம். எங்கள் இல்லமும் அதற்கு விலக்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் திதி நெருங்கியது. அவர் மறைந்தது தேய்பிறை அட்டமியன்று. ஊரிலுள்ள தமையனார் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு நாளைக் குறித்தார். தில்லியில் எங்களுக்குச் சடங்கு செய்து வைக்கும் சாஸ்திரிகள் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் புரட்டி அதற்கு முந்திய நாளைக் குறித்தார். "அப்பா கடைப்பிடித்த வழக்கத்தை விட்டுவிட்டாயா?" என்று தமையனார் தொலைபேசியில் வருந்தினார். "வானத்தில் இல்லாத அட்டமியில் எப்படியண்ணா திதி கொடுப்பது?" என்று நானும் பதிலுக்குக் கேட்டுவிட்டேன். அந்த மனத்தாங்கல் தீர நெடுநாளாயிற்று. அறிவியலுக்கும் சமய நம்பிக்கைக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா, எனக்கு நூலகத்தில் எழவில்லை, வீட்டில்தான் எழுந்தது. விடை தேடி வரலாற்றைப் புரட்டியபோது கண்டவற்றை இம்மலர் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்பது வெறும் நம்பிக்கையின் விளைவன்று. அது தன் காலத்தின் அறிவியல். சந்திரன் ஏறக்குறைய 248 நாள்களில் விரைவும் தளர்வுமான தன் ஓட்டத்தை ஒன்பது முறை முடித்து, மீண்டும் பழைய நிலையை அடைகிறது. இதனைக் கண்டறிந்த முன்னோர், அந்த 248 நாள்களுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை, எண்களை எழுத்துகளாக்கும் கடபயாதி முறையில், 248 வாக்கியங்களாக அமைத்தனர். வாக்கியங்களை மனனம் செய்தவனுக்கு ஏடும் வேண்டா, எழுத்தாணியும் வேண்டா. 1825ஆம் ஆண்டு சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்னும் நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தளித்தார். தொடக்க நேரத்தில் அவர் தவறியது நான்கே நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். எழுதிப் பாராமல் போட்ட கணக்கு இது என்பதை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

அங்ஙனமாயின் அட்டமியில் மட்டும் பிழை வருவானேன்? சந்திரனைப் பூமி மட்டும் ஈர்ப்பதில்லை, சூரியனும் ஈர்க்கிறது. அதனால் அதன் ஓட்டத்தில் நேரும் பெரும்பிறழ்ச்சி ஒன்றை வாக்கியம் தனியே கணக்கிடுவதில்லை. பழைய கணிதம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரும்பாலும் பொருந்துமாறு அமைந்தது; ஏனெனில் கிரகணங்கள் அந்நாள்களில்தான் நிகழும். கிரகணம் பொய்த்தால் ஊரே கண்டு நகைக்கும். அட்டமி முடியும் கணத்தையோ எவரும் கண்ணால் காண்பதில்லை. எனவே கண்டு சோதித்த இடத்தில் கணக்குத் திருந்தியது. காணாத இடத்தில் பிழை மறைந்து நின்றது. பல நாழிகை அளவுக்குச் செல்லும் அந்த வேறுபாடே எங்கள் தந்தையாரின் திதியை இரு நாள்களாகப் பிரித்தது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். முஞ்சாலர் என்பார் 932ஆம் ஆண்டளவில் எழுந்த தம் 'லகுமானஸ'த்தில் சந்திரனுக்கு இரண்டாவதொரு திருத்தம் கூறினார். கேரளத்து நிளையாற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர், கிரகணங்களைப் பல்லாண்டுகள் நேரில் நோக்கி, பழங்கணக்கு பொருந்தாமை கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் நூலை இயற்றினார். 'திருக்' என்றால் பார்வை. கண்ட காட்சிக்கு ஒத்த கணிதம் என்பதே அதன் பொருள். அவர் சமயத்தை மறுத்தவரல்லர். வழிபாடு உரிய வேளையில் நிகழவேண்டும் என்னும் கவலை உடையவரே வானத்தை மீண்டும் அளந்தார்.

அம்மரபின் பிற்காலக் கொழுந்து சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய சென்னை வானாய்வகத்தில் அவர் பணியாற்றினார். 1867இல் தென்வானத்து விண்மீன் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்தியில் ஆராய்ந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இத்தகைய பெருமை பெற்றவர், பஞ்சாங்கத்தை மூடத்தனம் என்று ஒதுக்கினாரா? இல்லை. தொலைநோக்கியால் பெற்ற அறிவைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். 1874ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் எழுதினார்.

விடுதலைக்குப்பின் இதே பணி அரசின் கைக்கு வந்தது. நாட்டில் ஏறத்தாழ முப்பது பஞ்சாங்க முறைகள் வழங்கிய நிலையில், 1952இல் அமைக்கப்பெற்ற நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு விஞ்ஞானி மேகநாத சாகா தலைமை ஏற்றார். சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவங்களைத் தரும் ஆண்டினும் ஏறக்குறைய 24 நிமிடம் மிகுதி. 1400 ஆண்டுகளில் அது 23 நாள்களாகப் பெருகிவிட்டது என்று அக்குழு 1955இல் காட்டியது. சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 22 அளவில்; நாம் பொங்கலிடுவதோ ஜனவரி 14 அளவில். 1957ஆம் ஆண்டு மார்ச்சு 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அந்நாளை நாள்தோறும் காணும் எழுத்தர்களாகிய எங்களில் எத்தனை பேர் அதன் வரலாற்றை எண்ணிப் பார்த்திருப்போம்! எனினும் அந்நாட்காட்டி வீடுகளுக்குள் நுழையவில்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா வாக்கியப்படி 2023 டிசம்பர் 20 அன்று நிகழ்ந்தது. திருக்கணிதப்படி அப்பெயர்ச்சி அவ்வாண்டு ஜனவரி 17 அன்றே முடிந்திருந்தது.

இவற்றிலிருந்து நான் கண்ட முடிவு இதுதான். நம் நாட்டில் பஞ்சாங்கத்தைப் பொறுத்தவரை அறிவியலும் சமயமும் பகைவராய் நின்றதில்லை; சமயம் கேட்ட கேள்விக்கே அறிவியல் விடை தேடிற்று. பகை மூண்டது, விடை கிடைத்த பின்னும் வானத்தை அண்ணாந்து பார்க்க மறுத்த வழக்கத்துக்கும், கண்ட உண்மைக்கும் இடையேதான். முன்னோர் சொன்ன எண்ணைக் காப்பது ஒருவகைப் பற்று. அவர்கள் பார்த்தது போல் பார்ப்பது அதனினும் உயர்ந்த பற்று.

என் மகள் எது சரியென்று கேட்டாள். வானத்து அட்டமி திருக்கணிதத்தில்தான் உள்ளது என்று ஒளிக்காமல் சொன்னேன். ஆயினும் தந்தையாரின் திதியை இப்பொழுது தமையனார் குறிக்கும் நாளிலேயே செய்கிறேன். அட்டமி எப்பொழுது முடிகிறது என்பதைக் கணிதம் சொல்லும். ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இரு பிள்ளைகள் ஒரே நாளில் தந்தையை நினைக்கவேண்டும் என்பதை அது சொல்லாது. சென்ற ஆண்டு தமையனாரே அழைத்தார். "உன் பஞ்சாங்கத்தில் அட்டமி எத்தனை நாழிகை, சொல் பார்ப்போம்" என்றார். சொன்னேன், குறித்துக்கொண்டார்.