சோக்கைக் கழற்றியது யார்?

எங்க திருவேங்கடம் பக்கம் காருக்கு வர்ற வியாதியெல்லாம் சூட்டு வியாதிதான். கரிசக்காட்டு வெயிலில் அம்பாசிடர் நின்னு போச்சுன்னா, பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணியைப் போடுவாங்க. குழாய்க்குள்ள பெட்ரோல் ஆவியாகி வழியை அடைச்சிருக்கும். துணி குளிர்விச்சதும் வண்டி கிளம்பிடும்.

அதே அம்பாசிடர் மார்கழியில ஊட்டிக்குப் போனா கதை தலைகீழ். 2200 மீட்டருக்கு மேலே, புல்லெல்லாம் உறைபனி. காலையில ஸ்டார்ட் ஆகும், நாலு இருமல் இருமும், நின்னுடும். அங்கே பெட்ரோல் ஆவியாகறதுதான் தொல்லை, இங்கே ஆவியாகாததுதான் தொல்லை!

காரணம் இதுதான். எரியறது திரவ பெட்ரோல் இல்லை, அதோட ஆவி. சூடான எஞ்சினுக்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று சரியான கணக்கு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் இலேசான பகுதி மட்டும்தான் ஆவியாகும். மிச்சம் குழாய்ச் சுவரில் ஈரமா ஒட்டிக்கும். அதனால கணக்குப்படி ஊத்தினாலும் எஞ்சினுக்குப் பத்தாது, பல மடங்கு கூடுதலா கொடுக்கணும். 1893-ல் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைச் செய்த பிறகு, ஏறக்குறைய நூறு வருஷம் இதுக்கு இருந்த முக்கியமான மருந்து சோக்.

டாஷ்போர்டில் ஒரு குமிழ். இழுத்தா, பல கார்களில் காற்று வர்ற வழியை ஒரு தகடு மூடும். உறிஞ்சும் வேகத்தில் பெட்ரோல் அதிகமா வரும். அம்பாசிடரின் எஸ்.யூ. கார்புரேட்டரில் தகடு கிடையாது, ஜெட்டே கீழே இறங்கிக் கொடுக்கும். எதுவானாலும் எவ்வளவு இழுக்கணும், எப்போ உள்ளே தள்ளணும்னு முடிவு பண்றது டிரைவரோட காது. சீக்கிரம் தள்ளினா எஞ்சின் நிக்கும். தள்ள மறந்தா கரும்புகை, பிளக்கில் கரி. அது மட்டுமில்லை, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிட்டுப் போகும், எஞ்சின் ஆயுசும் குறையும். அதனால மெக்கானிக் முதலில் கழற்றிப் பார்ப்பது பிளக்கைத்தான். கருப்பா காய்ஞ்ச கரின்னா பெட்ரோல் ஜாஸ்தி, சோக் கேபிள் சிக்கியிருக்கலாம். ஈரமா இருந்தா பொறி வரலை, இல்லை வெள்ளமா ஊத்தியாச்சு.

மலையில இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று மெலிஞ்சிருக்கும். சமவெளியில ட்யூன் பண்ணின கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை ஜாஸ்தியா கொடுத்த மாதிரி ஆகிடும். ஆக, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறை, சூடானதும் மிகை!

எனக்கு ரொம்பப் பிடிச்ச வில்லன் வேற ஒருத்தர். மூடுபனியில வண்டி நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு சக்தி குறைஞ்சு நிக்கும். பத்து நிமிஷம் காத்திருந்து ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக் திறந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். எங்க தொழிலில் இதுக்குப் பேரு கைக்குச் சிக்காத பக் :-) நடந்தது என்னன்னா, பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும், கார்புரேட்டர் உள்ளே 20 டிகிரிக்கும் மேல இறங்கலாம். வெளியே 10 டிகிரி, ஈரக்காற்றுன்னா உள்ளே பனிக்கட்டி படிஞ்சு வழியை அடைச்சிடும். வண்டி நின்னதும் எஞ்சின் சூடு மேலே ஏறி அதை உருக்கிடும். குற்றவாளி தண்ணியா ஓடிட்டான்! சின்ன விமானங்கள் பல இதால விழுந்திருக்கு. வைத்தியம் எளிது: புகைக்குழாய்ச் சூட்டில் காய்ஞ்ச காற்றைக் கார்புரேட்டருக்குள் விடணும். பல ஐரோப்பியக் கார்களின் ஏர் பில்டரில் கோடை, குளிர்காலம்னு இரண்டு நிலை இருந்தது அதுக்குத்தான்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் கார்புரேட்டர்தான். ஜப்பான் மிகுனி தொழில்நுட்பத்தில் அதுக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது நம்ம மறைமலை நகர் யுகால் நிறுவனம். அப்புறம் இந்தச் சோக் எங்கே போச்சு? ஊட்டிக் குளிருக்குப் பயந்து யாரும் கழற்றலை. கழற்றியது டெல்லிப் புகை!

எம்.சி. மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியா, 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. தலைநகர் வட்டாரத்தில் புதுசா பதிவாகும் தனியார் கார்கள் 1999 ஜூன் 1 முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 அளவில் இருக்கணும். 2001-ல் சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கும் அந்த அளவு வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் மூவழி வினையூக்கி அந்த 14.7 கணக்கைத் துல்லியமா பிடிச்சாதான் வேலை செய்யும். மனுசக் காதால அது முடியாது. 1998-ல் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த சான்ட்ரோ முதல் நாளிலிருந்தே எம்.பி.எஃப்.ஐ. மத்தவங்களும் மாறினாங்க. குமிழ் காணாம போச்சு.

இப்போ எஞ்சின் குளிர்ந்திருக்குன்னு டிரைவருக்குத் தெரிய வேண்டாம். கூலன்ட்டில் செருகின சின்ன சென்சார் சொல்லும். அதோட மின்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும். கம்ப்யூட்டர் அதைப் படிச்சு பெட்ரோலை அளக்கும். பெட்ரோல் மிச்சம், புகையும் குறைவு. நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை.

ஆனா அந்தச் சென்சார் பொய் சொன்னா? குளிர்ந்த எஞ்சினை 80 டிகிரின்னு சொல்லிட்டா பெட்ரோல் குறையும், பழைய இருமல் திரும்ப வரும். இப்போ இழுத்துப் பார்க்கக் குமிழும் இல்லை. டிரைவர் கையில் இருந்த அறிவு ஸ்கேனர் வெச்சிருக்கிறவர் கைக்குப் போயிடுச்சு.

அதில் ஒரு துளியாவது திரும்ப வாங்க வழி உண்டு. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேனரைச் செருகி கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்க. இரண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். பெரிய வித்தியாசம்னா ஒரு சென்சார் பொய் சொல்லுது. இரண்டும் சரின்னா அடுத்து த்ராட்டில் பாடியில் கரி, பிறகு காற்றுக் கசிவு, பேட்டரி. இந்த வரிசையில் போனா, ஒண்ணொண்ணா பார்ட் மாத்திப் பார்க்கிற செலவு மிச்சம்.

சோக் இழுத்து ஓட்டின பெரிசுகள் யாராவது இருந்தா உங்க கதையைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.